டெக்சாஸ் வெளிக்குச் செய்த தெர்மல், நிபோங் திபால் நிரைக்குள்

காட்டுப்பன்றிக்கு இரவில் கிளம்பும் நண்பர் கூட்டங்களில் இப்போது தோட்டாவைவிடத் தெர்மலைப் பற்றித்தான், அதாவது உடம்பின் சூட்டை இருட்டில் படமாகக் காட்டும் கருவியைப் பற்றித்தான், பேச்சு அதிகம். இங்கே எடைபோடுவது கையில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் வகை. 384×288 சென்சார், 12 மைக்ரான் புள்ளி (பிக்சல்), 25 மி.மீ. லென்ஸ், ஒற்றை 18650 பேட்டரி. கடைகளில் அதிகம் தூக்கிக் காட்டப்படும் அமைப்பு இதுதான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு: அதே சென்சாரில் 15 மி.மீ. லென்ஸ் போட்டது, மலிவான 256×192 சென்சாரில் 10 மி.மீ. லென்ஸ் போட்டது. பெட்டியின் மேல் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் இந்த எண்கள்தான் வேலை செய்கின்றன, அதனால் பெயர் தேவையில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பினாங்கின் நிபோங் திபால் செம்பனை நிரைக்குள்ளும் பாலிக் புலாவ் டுரியான் சரிவுகளிலும் 25 மி.மீ. வீண் செலவு, 15 மி.மீ. சரியான அளவு. மறுநடவு செய்த வெட்டவெளியிலோ வயல் ஓரத்திலோ காத்திருப்பவர்களுக்கு மட்டும் 25 மி.மீ. வாங்கக் காரணம் உண்டு.

இவ்வளவு பேர் பெரிய லென்ஸை வாங்கிவிட்டுக் கையைப் பிசைவதற்குக் காரணம், பார்க்கிற காணொளிகளில் பெரும்பாலானவை டெக்சாஸில் எடுத்தவை. அங்கே பன்றி வீட்டுப்பன்றி காடேறிப் பெருகிய இனம். 2019 செப்டம்பர் முதல் தனியார் நிலத்தில் சொந்தக்காரர் அனுமதி இருந்தால் வேட்டை உரிமமே வேண்டாம். அறுவடை முடிந்த வயல், குளிர்கால இரவு, தூரத்துக்குச் சுடும் ரைபிள். சில்லென்ற மண்ணில் சூடான உடம்பு, அரை மைலிலும் பளிச்சென்று தெரியும். நம்மிடம் இருப்பது இந்த மண்ணின் சொந்தப் பன்றி, இரவிலும் அதிகம் குளிராத நிலம், ஈரம் சொட்டும் காற்று, பார்வையை மறைக்கும் மரம், கையில் 12 போர் ஷாட்கன். பெரிய குண்டுகள் நிரப்பிய எஸ்.ஜி. தோட்டாவை நம்பி அடிக்கக்கூடிய தூரம் 30, 35 மீட்டர். இதற்கு ஒரு கிலோமீட்டர் பார்க்கும் கருவி எதற்கு?

பெட்டியில் ‘1,200 மீட்டர்’ என்று போட்டிருப்பார்கள். அது பொய்யில்லை, ஆனால் அங்கே ஏதோ சூடாக இருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருளும் இல்லை. 25 மி.மீ. லென்ஸில் 1,200 மீட்டரில் ஒரு புள்ளி 58 சென்டிமீட்டரை மூடிவிடும். 1.2 மீட்டர் நீளப் பன்றி அங்கே இரண்டே புள்ளி. மாடும் அப்படித்தான், மோட்டார் சைக்கிளின் சூடான எஞ்சினும் அப்படித்தான்.

நமக்கு வேண்டியது, ‘இது பன்றிதான், வேறில்லை’ என்று சொல்லும் தூரம். அதற்கு உடம்பின் உயரத்தில் குறைந்தது 12 புள்ளியாவது விழவேண்டும். வளர்ந்த பன்றியின் தோள் உயரத்தை 65 சென்டிமீட்டர் என்று வைத்தால், 12 மைக்ரான் சென்சார் எதற்கும் ஒரு சுலபக் கணக்கு வருகிறது: லென்ஸின் மி.மீ. அளவை 4.5 ஆல் பெருக்குங்கள், வருவது மீட்டர். 10 மி.மீ. லென்ஸுக்கு 45 மீட்டர், 15க்கு சுமார் 68, 25க்கு சுமார் 113. கடைக்காரர் என்ன சொன்னாலும் இந்தப் பெருக்கலை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இதுவும் நல்ல காற்றில்தான். மழை ஓய்ந்த இரவில் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அகலம். செம்பனையை 9 மீட்டர் முக்கோணமாக நட்டால் நிரைக்கும் நிரைக்கும் இடைவெளி 7.8 மீட்டர். 25 மி.மீ. லென்ஸ் 50 மீட்டரில் காட்டுவது 9.2 மீட்டர் அகலம். ஒரு நிரை, கொஞ்சம் ஓரம், அவ்வளவுதான். 15 மி.மீ. லென்ஸ் 15.4 மீட்டர் காட்டுகிறது, இரண்டு நிரை ஒரே பார்வையில் அடங்கும். கூட்டமாக வரும் பன்றிகள் நிரை தாண்டித் தாண்டி உதிரிப் பழம் பொறுக்கும். குறுகிய பார்வையில் ஒன்றைப் பிடித்தால் மற்ற நான்கும் எங்கே போயின என்று தெரியாது, கருவியை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கை வலி ஒருபுறம், அந்த ஆட்டத்தைப் பன்றி கண்டுகொள்வது மறுபுறம். மட்டை தாழ்ந்து தொங்கும் இளமரத் தோட்டத்தில் 40 மீட்டருக்கு அப்பால் எந்த லென்ஸுக்கும் ஒன்றும் தெரியாது. தெர்மல் இலையை ஊடுருவாது. சூடான உடம்பின் ஒரு துண்டு மட்டை இடுக்கில் தெரியும், மீதியை நாமாகக் கற்பனை செய்துகொள்வோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

256×192 சென்சாரும் 10 மி.மீ. லென்ஸும் சேர்ந்தது, அகலத்தில் 384க்கு 15 மி.மீ. போட்டதற்கு அப்படியே சமம். குறைவது புள்ளிதான்: 50 மீட்டரில் பன்றி நீளவாக்கில் 20 புள்ளி, மற்றதில் 30. டுரியான் தோட்டக் காவலுக்கு, குடிசையிலிருந்து 30 மீட்டர் சுற்றுவட்டத்தைப் பார்த்து விரட்டுவதற்கு, மலிவானதே போதும். சுடப்போகிறவர்களுக்குப் போதாது. 384க்குப் போனால் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆனால் அந்தப் பத்துப் புள்ளிதான் நாயையும் பன்றியையும் பிரித்துக் காட்டுகிறது.

லென்ஸுக்கு அடுத்து பார்க்கவேண்டிய எண், வாங்குகிறவர்கள் கேட்கவே கேட்காத எண்: வெப்ப நுண்ணுணர்வு, அதாவது எவ்வளவு சின்னச் சூட்டு வித்தியாசத்தைக் கருவி பிரித்துக் காட்டும் என்பது. மில்லிகெல்வினில் இருக்கும், சின்னதாக இருந்தால் நல்லது. 50 என்று போட்டிருப்பதை நம் ஊருக்கு வாங்காதீர்கள். 25க்குக் கீழே இருப்பதைத் தேடுங்கள். மழை பெய்து ஓய்ந்ததும் மண், மரம், மட்டை எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். படம் முழுக்கச் சாம்பல். சேற்றில் புரண்டு வந்த பன்றியின் முதுகும் அந்தச் சாம்பலில் கலந்துவிடும். அப்போது தெரிவது கண், காது, வயிற்றடி மட்டும். 50 மில்லிகெல்வின் கருவியில் அதுவும் இரைச்சலில் மறைந்துபோகும். நம் வானிலையில் இந்த எண்ணுக்குக் கொடுக்கும் பணம் லென்ஸுக்குக் கொடுப்பதைவிட நன்றாக உழைக்கும்.

முன்னிரவும் தொல்லைதான். வெயில் குடித்த செம்மண் சாலை, கல், சிமெண்ட் வாய்க்கால் எல்லாம் இருட்டிய பிறகும் நெடுநேரம் வெளிச்சமாகத் தெரியும். இதைவிட ஏமாற்றுவது வெறுங்குலைக் குவியல். பழம் நீக்கியபின் ஆலையிலிருந்து கொண்டுவந்து நிரைகளுக்கிடையே கொட்டிய வெறுங்குலை மட்கும்போது உள்ளே சூடேறும். தெர்மலில் படுத்திருக்கும் பன்றிக் கூட்டம் போலவே காட்சி தரும். புதிதாகக் கருவி வாங்கியவர்கள் இதை நோக்கி நெடுநேரம் தவழ்வதுண்டு. பகலிலேயே தோட்டத்தைச் சுற்றிக் குவியல்கள் எந்த நிரையில் என்று குறித்து வைத்தால் இந்த வேடிக்கை மிச்சம்.

மற்ற உருவங்களைப் பிரித்தறிய அசைவுதான் துணை. பன்றி மூக்கை மண்ணில் வைத்தே நகரும், வால் நேராகத் தொங்கி ஆடும், கழுத்து என்று தனியாக ஒன்று தெரியாது. தெருநாய் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும், கால்கள் நீளம், இடுப்பு ஒடுங்கியிருக்கும். முசாங் எனும் மரநாய் தரையோடு தரையாகப் போய் மரத்தில் ஏறிவிடும். தோட்டங்களில் மேயவிடும் மாடு படுத்திருந்தால் உயரத்தை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது, எழும்வரை பொறுக்கவேண்டும். கோலாலம்பூர்க்காரர்கள் உலு சிலாங்கூர், பெந்தோங் பக்கம் போகும்போது கூடுதல் கவனம் தேவை: அங்கே தாப்பிர் உண்டு. பகலில் அதன் வெள்ளை முதுகைக் குழந்தையும் அடையாளம் சொல்லும். தெர்மலுக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுதான், நிறமே கிடையாது. தூரத்தில் அது ஒரு பெரிய பன்றி. முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கைச் சுட்டுவிட்டு, கருவியில் பன்றி மாதிரி தெரிந்தது என்று யாரிடமும் சொல்லமுடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மனிதன். குந்தி உட்கார்ந்து உதிரிப் பழம் பொறுக்கும் ஆளின் உயரமும் பன்றியின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. இரவில் குலை திருட வருகிறவர், தவளை பிடிக்க வருகிறவர், தோட்டக் காவலர், எல்லாரும் வெறும் வெள்ளை உருவம்தான். பால்மரத் தோட்டத்தில் விடியுமுன்பே நெற்றி விளக்கோடு பால் வெட்ட வந்துவிடுவார்கள். ஆளைப் பன்றி என்று எண்ணிச் சுட்ட செய்தி நம் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருவது எல்லாருக்கும் தெரியும். தெர்மல் கண்டுபிடிக்க மட்டுமே. சுடுவதற்கு முன் வெள்ளை விளக்கை அடித்து வெறுங்கண்ணால் பார்த்தே தீரவேண்டும். விளக்கு அடித்தால் பன்றி ஓடிவிடும் என்பார்கள். ஓடட்டும்.

நண்பர்களோடு போகும்போது இந்தக் கருவி இன்னொரு பொய்யான தைரியத்தையும் கொடுக்கிறது: எல்லாரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிகிறதே என்ற நினைப்பு. செம்பனைத் தண்டுக்குப் பின்னால் நிற்கும் ஆள் தெர்மலில் இல்லவே இல்லை. ஆரஞ்சு மேல்சட்டையும் இதில் சாதாரணச் சட்டைதான், அதன் நிறம் விளக்கு வெளிச்சத்தில் மட்டுமே உதவும். நான்கு பேருக்கு மேல் ஒரு நிரைத் தொகுதிக்குள் இறங்கவேண்டாம். ஒருவர் தெர்மல், ஒருவர் துப்பாக்கி, மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால். தெர்மல் பிடிப்பவர் கையில் துப்பாக்கி இருக்கக்கூடாது. வாக்கி-டாக்கியில் ஒவ்வொருவரும் இருக்கும் நிரை எண்ணைச் சொல்லி, எண்ணிக்கை சரியான பிறகே தோட்டா ஏறவேண்டும். பாலிக் புலாவ் போன்ற சரிவில் மேல்நோக்கிச் சுடவே கூடாது; மேட்டுக்கு அந்தப்புறம் யார் குடிசை இருக்கிறது என்று எந்தக் கருவியும் காட்டாது.

நடப்பதற்கும் தெர்மலை நம்பவேண்டாம். வாய்க்கால், கம்பிவேலி, அறுந்து கிடக்கும் மட்டை முள் எல்லாம் சுற்றுப்புறச் சூட்டிலேயே இருப்பதால் தெரியாது. பாம்பும் அப்படியே, குளிர்ந்த இரத்தம், மண்ணின் சூடே அதன் சூடு. தோட்டத்தைச் சுற்றி மின்வேலி போட்டிருந்தால் அது இருக்கும் இடத்தைப் பகலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடக்கும்போது நெற்றியில் சிவப்பு விளக்கு போதும். பன்றியின் கண்ணுக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும், நம் கண்ணும் இருட்டுப் பழக்கத்தை இழக்காது.

கருவியைக் கையாள்வதில் சில நுணுக்கங்கள். நிறத் தேர்வில் வானவில் வண்ணங்கள் கடையில் அழகு, தோட்டத்தில் தலைவலி. சூடானதை வெள்ளையாகக் காட்டும் அமைப்பில் தேடுங்கள். உருவத்தைச் சரிபார்க்கச் சூடானதைக் கறுப்பாக்கினால் விளிம்பு தெளியும். திரை வெளிச்சத்தை ஆகக் குறைவில் வையுங்கள், இல்லாவிட்டால் கருவியை இறக்கிய கண் நெடுநேரத்துக்குக் குருடு. ரப்பர்க் கண்மூடி இல்லாத மாடலில் திரை ஒளி முகத்தில் விழுந்து நாமே விளக்காகிவிடுவோம்.

தெர்மலுக்குள் ஒரு சின்ன ஷட்டர் உண்டு. படத்தைச் சமன்செய்ய அது அவ்வப்போது மூடித் திறக்கும்; ‘டிக்’ என்று சத்தம் வரும், படம் ஒரு கணம் உறையும். கடையின் இரைச்சலில் கேட்காது. காற்றில்லாத இரவில் 20 மீட்டரில் நிற்கும் பன்றிக்குக் கேட்கும். தானாகச் சமன்செய்வதை நிறுத்தி, கையால் செய்யும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்போது லென்ஸ் மூடியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சத்தமில்லாமல் முடியும். புள்ளி புள்ளியாகக் கோடு விழ ஆரம்பித்தால் சமன்செய்யும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

படம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. 9 ஹெர்ட்ஸ் கருவிகள் சந்தையில் உண்டு, விலையும் கவர்ச்சியாக இருக்கும். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் சிக்காமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். மேய்கிற பன்றிக்குப் பரவாயில்லை. ஓடும் பன்றி வெட்டி வெட்டித் தாவும். 25 ஹெர்ட்ஸ் குறைந்தபட்சம், 50 இருந்தால் நல்லது. ஒய்ஃபை, ஒளிப்பதிவு, திசைகாட்டி போன்றவை இருந்தால் இருக்கட்டும்.

பேட்டரிக் கணக்கு எளிது. 3,000 மில்லியாம்பியர்-மணி உள்ள 18650 ஒன்றில் ஏறக்குறைய 11 வாட்-மணி இருக்கும். கருவி 2 வாட் எடுத்தால் ஐந்தரை மணி நேரம். ஒய்ஃபையையும் ஒளிப்பதிவையும் போட்டால் இன்னும் சுருங்கும். எட்டு மணி நேரம் என்ற விளம்பரத்தை நம்பாமல் கூடுதலாக ஒன்றைப் பையில் வையுங்கள். இணையக் கடைகளில் 9,900 என்று அச்சிட்ட பேட்டரிகள் போலி. இந்த அளவில் நல்ல பேட்டரிகள் 3,500ஐ ஒட்டியே நிற்கும். இன்னொரு சங்கடம் நீளம். பாதுகாப்புச் சுற்று வைத்த பேட்டரி 65 மி.மீ.க்குப் பதில் 69, 70 மி.மீ. வரை இருக்கும், சில கருவிகளின் மூடி அதற்கு மேல் பூட்டாது. வாங்குமுன் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

ஈரம் இந்தக் கருவிகளின் பரம எதிரி. குளிரூட்டிய ஹைலக்ஸ் வண்டியில் வைத்துவிட்டுத் தோட்டத்தில் கதவைத் திறந்தால், லென்ஸும் கண்பக்கக் கண்ணாடியும் ஒரே நொடியில் வியர்த்துவிடும், படம் வெறும் மூடுபனி. தோட்டத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போதே குளிரூட்டியை நிறுத்துங்கள், அல்லது கருவியை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து வெளியே வந்தபின் பொறுத்துத் திறங்கள். வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: முடியாது. கண்ணாடி இந்த வெப்பக் கதிரை விடாது, உங்கள் முகம்தான் தெரியும். லென்ஸ் ஜெர்மானியம், மேலே மெல்லிய பூச்சு. சட்டை நுனியால் துடைத்தால் பூச்சு போய்விடும். ஊதி, லென்ஸ் துணியால் மட்டும். கொசு மருந்தில் டீட் இருந்தால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இளகும், தடவிய கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். பகலில் சூரியனை நோக்கித் திருப்பினால் சென்சாரில் நிரந்தர வடு விழும்.

கடையில் சோதிக்கும் முறை தனி. குளிரூட்டிய அறைக்குள் எந்தத் தெர்மலும் அபாரமாகத்தான் தெரியும். 22 டிகிரிச் சுவரில் மனித முகம் யாருக்கும் தெரியும். வெளியே கொண்டுபோகச் சம்மதிக்காத கடையில் வாங்கவேண்டாம். இருட்டியபின் பின்சந்தில் நின்று மரத்தடியைப் பாருங்கள்: இலையும் கிளையும் தனித்தனியாகப் பிரிகின்றனவா, ஒரே களிம்பா? மூடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தால் செத்த புள்ளிகள் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிலைத்து நிற்கும். குவிய வளையத்தை முழுக்கச் சுற்றுங்கள், மணல் அரைக்கும் உணர்வு வரக்கூடாது. பிறகு உத்தரவாதம். இணையத்தில் சில நூறு ரிங்கிட் குறைத்து வாங்கும் கருவி பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் காத்திருக்கும் காலமும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். உள்ளூரில் பழுதுபார்க்கும் இடம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சட்டம் பக்கம் சுருக்கமாக. தீபகற்பத்தில் காட்டுப்பன்றி, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 716இன் கீழ், பட்டியலில் உள்ள விலங்கு; வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். துப்பாக்கிக்கு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காவல்துறை உரிமம் தனி. நேரம், முறை பற்றி உரிமத்தில் என்ன இருக்கிறதோ அதுவே எல்லை. இரவுக்கு அனுமதி உண்டா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதியும் கையில் இருக்கட்டும். துப்பாக்கி மேல் பொருத்தும் தெர்மல் வேறு சமாசாரம், உரிமப் பிரிவில் கேட்காமல் அதற்குப் பணம் கட்டவேண்டாம். இங்கே சொன்ன எல்லாம் கைக்கருவிக்கு மட்டும்.

2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்தபின் காட்டுப்பன்றியும் குறைந்தது. 2023இல் பினாங்குப் பண்ணைகளிலும் அது பரவியது. மனிதனுக்குத் தொற்றாது, ஆனால் நம் காலணியில் ஏறி அடுத்த பண்ணைக்குப் போகும். தெர்மலில் அசையாமல் மங்கிக்கொண்டே போகும் உடம்பு, அதாவது சுடாமலேயே செத்துக் கிடக்கும் பன்றி, தெரிந்தால் தொடவேண்டாம், கால்நடைச் சேவைத் துறைக்குத் தகவல் கொடுங்கள். திரும்பியதும் காலணியைச் சேறு போகத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினி போடுங்கள். கருவியின் கழுத்துப் பட்டை துணியாக இருந்தால் அதையும் கழற்றி அலசுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தப் பட்டையைத்தான். கருவியின் உடம்பை ஈரத்துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் புகாது என்பதற்கான ஐ.பி.67 தரக்குறி போட்டிருந்தாலும் குழாயடியில் காட்டவேண்டாம், பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தில் மணல் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும்.